கல்லூரிப் படிப்பு இலவசம் என்றால் எது இலவசம்?

தேர்தல் வந்தால் ஒரு தரம், பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் ஒரு தரம் என்று இந்த விவாதம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. "கல்லூரிப் படிப்பை அரசு இலவசமாக்க வேண்டும்" என்பார் ஒருவர். "எல்லாத்தையும் இலவசமாகக் கொடுத்தால் நாடு எங்கே உருப்படும்" என்பார் இன்னொருவர். முன்னவர் மனதில் இருப்பது, சீட் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் நிற்கும் ஒரு குடும்பம். பின்னவர் மனதில் இருப்பது தான் கட்டும் வரி. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சேரும் நேரத்தில் மாணவர் கையிலிருந்து எவ்வளவு போகிறது? எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? மிச்சப் பணத்தை யார், எப்போது தருகிறார்கள்? இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி உண்மையான சண்டை. அது தீராது, தீரவும் வேண்டியதில்லை.

டவுன் பஸ்ஸிலிருந்து தொடங்கலாம்

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட் கொடுக்கிறார். அதனால் டீசல் விலை குறைந்ததா? டிரைவர் சம்பளம் குறைந்ததா? இல்லை. பயணி தராத காசை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. பஸ் ஓட ஆகும் செலவு அப்படியே இருக்கிறது, கொடுக்கிற கை மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு ஊருக்கு நாளைக்கு இரண்டே நடைதான் பஸ் வருகிறது என்றால், டிக்கெட் இலவசமாக இருந்து அந்த ஊர்ப் பெண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு வரவே ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் ஆகிறது என்றால், அந்த இருபது ரூபாயை இந்த இலவசம் தொடுவதில்லை.

கல்லூரியும் இப்படித்தான். மாணவரிடம் வாங்கும் பணம் *கட்டணம்*. ஆசிரியர் சம்பளம், ஆய்வகம், கட்டடம், மின்சாரம் என்று அந்த மாணவருக்காகக் கல்லூரிக்கு ஆவது *செலவு*. இரண்டுக்கும் இடையில் விழும் பள்ளத்தை அரசு நிரப்பினால் அந்தத் தொகைக்கு *மானியம்* என்று பெயர். இலவசக் கல்வி என்றால் கட்டணம் பூஜ்யம், மானியம் முழுசு. அவ்வளவுதான் அதன் பொருள். எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைப் பற்றியோ, ஷேர் ஆட்டோவைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை.

ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள்

முதலாண்டு சேர்ந்த ஒரு மாணவியின் கட்டண ரசீதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். டியூஷன் ஃபீஸ் என்று ஒரு வரி. இந்த வரிக்குத்தான் கல்விக் கட்டணம் என்று பெயர். 'இலவசம்' என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் இந்த ஒற்றை வரியைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் கீழே சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப், லைப்ரரி, காஷன் டெபாசிட் என்று வரிசையாகப் போகும். தனியார் கல்லூரி என்றால் கல்லூரி பஸ் ஒரு தனித் தொகை. ஹாஸ்டல், மெஸ் பில் எல்லாம் வேறு ரசீதில் இருக்கும்.

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் சேர்ந்துவிடலாம். அப்படியிருந்தும் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் ஆண்டுக்குள் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்றால் பதில் ரசீதுக்கு வெளியே இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனால் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வரும். கல்லூரிக்குப் போனால் வராது. மூன்று வருடம் வராத அந்தச் சம்பளத்தை எந்த ரசீதும் காட்டாது. பல வீடுகளில் படிப்புக்கு ஆகும் மிகப் பெரிய செலவே அதுதான். இதைக் *கைவிட்ட வருமானம்* என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கு புரிந்தால்தான் புதுமைப் பெண் திட்டத்தின் சூட்சுமம் புரியும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு, படிப்பு முடியும்வரை வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். அதாவது, தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் கொடுத்த பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற மாதாந்திரப் பணமாக ஆனது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் கைவிட்ட வருமானத்துக்கு ஈடாகாது, நிஜம்தான். ஆனால் கட்டணமே இல்லாத கல்லூரியில் இன்னும் கட்டணத்தைக் குறைப்பதற்கு வழியில்லையே. அங்கே இந்த ஆயிரம்தான் வேலை செய்யும்.

ஜெர்மனிக்குப் போக ஆசைப்படும் நம் ஊர் இன்ஜினியர்களுக்கும் இது பொருந்தும். "ஜெர்மனியில் எம்.எஸ். இலவசம்" என்று கன்சல்டன்சிக்காரர்கள் போர்டு வைக்கிறார்கள். பொய்யில்லை, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் அளவாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். இலவசப் படிப்பின் நுழைவுச் சீட்டு பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கட்டணம் வேறு, கல்லூரிக்கு ஆகும் செலவு வேறு, மாணவர் வீட்டுக்கு ஆகும் செலவு வேறு. இலவசம் என்ற அறிவிப்பு முதலாவதைத் தொடுகிறது. இரண்டாவது வேறு கைக்கு மாறுகிறது. மூன்றாவது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

ஃப்ரீ சீட்டில் உட்கார்ந்தது யார்?

1990-களில் இன்ஜினியரிங், மெடிக்கல் சேர்ந்தவர்களுக்கு 'ஃப்ரீ சீட்', 'பேமெண்ட் சீட்' என்ற இரண்டு சொற்களும் நன்றாக நினைவிருக்கும். அது வந்த கதை இது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 வாக்கில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பித்தன. சுயநிதி என்றால் அரசுப் பணம் வாங்காமல் மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் கல்லூரி. பல மாநிலங்களிலும் இதே காலத்தில் இவை பெருகின, கேபிடேஷன் ஃபீஸ் என்ற நன்கொடை வசூலும் கூடவே பெருகியது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஏற்பாட்டைச் சொன்னது. தனியார் தொழிற்கல்விக் கல்லூரிகளில் பாதி இடம் ஃப்ரீ சீட், அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். மீதிப் பாதி பேமெண்ட் சீட், அதிகக் கட்டணம். இரண்டுக்குமே மார்க் அடிப்படையில்தான் சேர்க்கை. பேமெண்ட் சீட்டில் வரும் கூடுதல் பணம் ஃப்ரீ சீட்டின் செலவைத் தாங்கும். ஒருவர் கட்டும் அதிகப் பணத்தால் இன்னொருவரின் கட்டணம் குறையும் இந்த ஏற்பாட்டுக்குக் *குறுக்கு மானியம்* என்று பெயர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ரீ சீட்டை மார்க்கை வைத்துத்தானே கொடுத்தார்கள்? மார்க் யாருக்கு வரும்? நல்ல தனியார் பள்ளி, நுழைவுத் தேர்வுக்கு கோச்சிங், வீட்டில் தனி அறை, படித்த அப்பா அம்மா என்று எல்லாம் வாய்த்தவர்களுக்கு. அவர்கள் ஃப்ரீ சீட்டில் உட்கார்ந்தார்கள். தட்டுத் தடுமாறி அடுத்த கட்ட மார்க் வாங்கியவர்கள் நிலத்தை விற்று பேமெண்ட் சீட்டில் சேர்ந்தார்கள். ஏழை கட்டிய பணத்தில் வசதியானவர் இலவசமாகப் படித்தார். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு இந்த ஏற்பாட்டை ரத்து செய்தபோது, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் ஃப்ரீ சீட்டுக்கும் வசதி குறைந்தவர்கள் பேமெண்ட் சீட்டுக்கும் போவதே கல்லூரிகளின் அனுபவமாக இருக்கிறது என்று தீர்ப்பிலேயே குறிப்பிட்டது.

இலவசக் கல்லூரி வேண்டும் என்று வாதாடுபவர்கள், நான் உட்பட, முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இடம் குறைவாக இருந்து, அதை மார்க் மட்டுமே பங்கிட்டுக் கொடுக்குமானால், இலவசத்தின் பெரும்பங்கு ஏற்கெனவே மேலே இருப்பவர்களுக்குப் போகும். அரசு மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் அதே எம்.பி.பி.எஸ். ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு பெரிய மானியம் யாருக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது கட்டண விகிதம் அல்ல, தகுதிப் பட்டியல்.

2020 நவம்பரில் நடந்தது

இடமும் பணமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 2020-ல் அன்றைய அதிமுக அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. அந்த ஆண்டே முந்நூறுக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்கென்று ஒதுங்கின.

கலந்தாய்வு நடந்தது. அரசுக் கல்லூரி இடங்களை எடுத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தனியார் கல்லூரி இடம் வந்தவர்களில் சிலர், லட்சக்கணக்கான கட்டணத்தைக் கேட்டுவிட்டு இடமே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். பட்டியலில் பேர் இருந்தது, இடம் இருந்தது, கட்டத்தான் பணம் இல்லை. விஷயம் செய்தியாகி, அரசியல் சூடு பிடித்த பிறகு அந்த மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு திமுக அரசு இதே ஒதுக்கீட்டைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கு விரித்தபோது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும் என்று சேர்த்தே சொன்னது. முதல் ஆண்டில் பட்ட சூடு அது.

கடல் தாண்டினால் இலங்கை

அங்கே பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி, 1945-ல் அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகள் டாக்டராகவும் இன்ஜினியராகவும் ஆனதற்குக் காரணம் அதுதான் என்று சிங்களவரும் தமிழரும் ஒரே குரலில் சொல்லும் அபூர்வமான விஷயம். ஆனால் உயர்தரப் பரீட்சையில் (நம் பிளஸ் டூ மாதிரி) தேர்ச்சி பெற்று, பல்கலைக்கழகத்துக்குத் தகுதியும் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. இசட் புள்ளி (வெவ்வேறு பாட மதிப்பெண்களை ஒப்பிடச் சமன்செய்யும் கணக்கு), மாவட்ட ஒதுக்கீடு, வெட்டுப்புள்ளி (கட்-ஆஃப்) என்று கொஞ்ச இடத்தைப் பங்கிடத் தனிக் கணக்கே தேவைப்படுகிறது. வெளியே நிற்பவர்கள் காசு கட்டித் தனியார் நிறுவனங்களில் வெளிநாட்டுப் பட்டம் படிக்கிறார்கள், அல்லது வெளிநாட்டுக்கே போகிறார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் மாலபேயில் வந்த தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் வருடக்கணக்கில் தெருவில் நின்றதும், கடைசியில் அது மூடப்பட்டதும் இந்த முடிச்சிலிருந்து வந்தவைதான்.

ஸ்காட்லாந்திலும் இதே நெருக்கடி உண்டு. உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. அரசே எல்லாப் பணமும் தருவதால், எத்தனை பேருக்குத் தருவது என்று அரசு உச்சவரம்பு வைக்கிறது.

சரி, இந்தப் பகுதியின் சாரம் இதுதான்: கட்டணத்தைப் பூஜ்யமாக்குவதால் இடங்களின் எண்ணிக்கை அதிகமாகாது. அது அதிகமாகாதபோது இலவசத்தின் பலன் வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்குப் போகும். முன்னால் நிற்பவர்கள் யார் என்பது பள்ளிக்கூடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பணம் யாருடையது?

"அரசு கட்டும்" என்றால் வரி கட்டுபவர்கள் கட்டுகிறார்கள் என்று பொருள். இங்கே ஒரு பழைய வாதம் உண்டு. கல்லூரி முடித்தவர் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிப்பார். அவர் படிப்பதற்குக் கல்லூரி வாசலையே மிதிக்காத கூலித் தொழிலாளி ஏன் பணம் கட்ட வேண்டும்?

இதற்கு ஐரோப்பாவில் வழக்கமாகச் சொல்லும் பதில், வருமான வரி. அதிகம் சம்பாதித்தால் அதிக வரி கட்டுவார், அதில் படிப்புச் செலவு திரும்பிவிடும் என்பார்கள். ஜெர்மனி, நார்டிக் நாடுகள் போன்ற இடங்களில் இது ஓரளவு சரி. நம் ஊரில் இந்தப் பதில் நொண்டுகிறது. வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது, கட்டுபவர்களும் கொஞ்சம் பேர்தான். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் பெரும்பங்கு ஜி.எஸ்.டி., பெட்ரோல், மதுபானம் போன்ற பொருள்கள் மீதான வரி. சோப்பு வாங்கும்போது கூலித் தொழிலாளியும் கட்டுகிறார், டாஸ்மாக்கில் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுகிறார்.

எதிர்வாதமும் பலமானதுதான். படித்தவரின் பலன் அவரோடு நிற்பதில்லை. நர்ஸும் டீச்சரும் இல்லாத ஊரில் கூலித் தொழிலாளியின் குழந்தையும்தான் பாதிக்கப்படும். படித்த அம்மாவின் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள் நூற்றுக்கு 47, அகில இந்திய அளவில் 28 என்று 2021-22-க்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனிகள் வந்ததற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, பலன் இரண்டு பேருக்கும் போகிறது, மாணவருக்கும் ஊருக்கும். செலவை இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டால் என்ன என்ற யோசனை இயல்பாக வருகிறது. மாணவரிடம் படிக்கும்போது காசு இல்லை, அப்புறம்தான் வரும். அங்கேதான் கடன் நுழைகிறது.

கடனில் இரண்டு வகை

நமக்குத் தெரிந்தது பேங்க் எஜுகேஷன் லோன். நாலு லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து தவணை தொடங்கும். நாலு லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதாகப் போட்டுப் பாருங்கள். மாதம் சுமார் 5,300 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே இவ்வளவு. வேலை கிடைத்துச் சம்பளம் 15,000 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும். வேலை கிடைக்கவில்லை என்றாலும் தவணை நிற்காது. பேங்க்கிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவார், அப்பா தலைகுனிந்து நிற்பார். எத்தனையோ ஊர்களில் பார்த்த காட்சி.

இரண்டாவது வகை, *வருமானம் சார்ந்த கடன்*. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும், வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைக் கட்ட வேண்டும். தாண்டாவிட்டால் அந்த ஆண்டு ஒன்றும் கட்ட வேண்டாம். 1989-ல் ஆஸ்திரேலியா இதைப் பெரிய அளவில் தொடங்கியது. 1974 முதல் அங்கே பல்கலைக்கழகம் முழு இலவசமாக இருந்தது என்பது கூடுதல் தகவல்.

இங்கிலாந்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே நாடு எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறது. 1962 சட்டப்படி அங்கே முழுநேர மாணவர்களின் கட்டணத்தை உள்ளாட்சிகள் கட்டின, வசதி குறைந்தவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் பணம் கொடுத்தன. அப்போது பல்கலைக்கழகம் போனவர்கள் நூற்றில் பத்துப் பேர்கூட இல்லை. 1990-களில் மூன்றில் ஒருவர் உயர்கல்விக்குப் போக ஆரம்பித்தார். அரசுப் பணம் அந்த வேகத்தில் ஏறவில்லை, தலைக்குக் கிடைக்கும் தொகை தேய்ந்தது. 1998-ல் டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு ஆண்டுக்கு 1,000 பவுண்ட் கட்டணம் வைத்தது. 2006-ல் 3,000 ஆனது. 2012-ல் 9,000. கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு வாக்கு கேட்ட லிபரல் டெமாக்ராட் கட்சி, கூட்டணி ஆட்சியில் சேர்ந்து அதை உயர்த்தியது. அடுத்த தேர்தலில் 57 இடத்திலிருந்து 8-க்கு விழுந்தது. மாணவர்கள் மறக்கவில்லை.

ஆனால் சேரும்போது யாரும் இந்தப் பணத்தை எண்ணி வைக்க வேண்டியதில்லை. அரசுக் கடன் நிறுவனம் கல்லூரிக்குக் கட்டிவிடுகிறது. இப்போதைய விதிப்படி, 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 25,000 பவுண்ட், அதற்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம். 30,000 சம்பாதிப்பவர் வரம்பைத் தாண்டிய 5,000-க்கு 9 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 450 பவுண்ட் கட்டுவார். வேலை போனால் பூஜ்யம். நாற்பது ஆண்டில் அடையாத மிச்சம் தள்ளுபடி. சம்பளம் தரும் முதலாளியே வரியோடு சேர்த்துப் பிடித்துவிடுவதால் வசூலுக்கு ஆள் அனுப்பும் வேலையும் இல்லை.

விளைவு இரண்டு தரப்பையும் சங்கடப்படுத்தும். ஏழைகள் பல்கலைக்கழகத்தை விட்டே ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தது முழுநேரப் படிப்பில் நடக்கவில்லை, பின்தங்கிய பகுதி இளைஞர்களின் சேர்க்கை 2012-க்குப் பிறகும் கூடிக்கொண்டே போனது. வந்த பணத்தை நம்பி 2015-ல் இட உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே சமயம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர மாணவர்களின் எண்ணிக்கை சடசடவென்று விழுந்தது. வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையை 2016-ல் கடனாக மாற்றியதால், ஏழை வீட்டு மாணவர்தான் இன்று அதிகக் கடனோடு வெளியே வருகிறார். இருபத்தொரு வயதில் 40,000 பவுண்டுக்கு மேல் கடன் என்பது வரி மாதிரிதான் என்று எவ்வளவு விளக்கினாலும் மனசுக்குக் கடனாகத்தான் தெரியும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு ஏற்பாடும் ஒரே ஆணியில் தொங்குகிறது: ஒவ்வொருவரின் சம்பளமும் அரசுக்குத் தெரிய வேண்டும், முதலாளி பிடித்துக் கட்ட வேண்டும். சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுக்கும் கடைகளும் பட்டறைகளும் நிறைந்த நாட்டில் அது நடக்காது. மாதச் சம்பளக்காரர் மட்டும் மாட்டுவார்.

யாருக்கு மட்டும் என்பதிலும் ஒரு விலை உண்டு

"எல்லாருக்கும் வேண்டாம், ஏழைகளுக்கு மட்டும் இலவசம்" என்பது பலருக்கும் பிடித்த நடுவழி. சிலி 2016-ல் இதைச் செய்தது. 2011-ல் தொடங்கிய பெரும் மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, வருமானத்தில் கீழ்ப் பாதியில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முழு இலவசம். பிறகு கீழ் 60 சதவீதம்.

நம் ஊரில் இந்த நடுவழி இ-சேவை மையம் வழியாகப் போகிறது. ஜூன் மாதத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், தாலுகா ஆபீஸில் நகர வேண்டும். கலந்தாய்வுத் தேதி அதற்குக் காத்திருக்காது. 2010-11-ல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை நல்ல திட்டம், பல்லாயிரம் குடும்பங்களில் முதல் இன்ஜினியரை உண்டாக்கியது. ஆனால் அக்கா பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. கலந்தாய்வு வழியாக வராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். அதற்கு மேல் பத்தாயிரம் கூடிய வீடு ஒன்றும் பணக்கார வீடு இல்லையே, இருந்தாலும் கிடைப்பது பூஜ்யம்.

எல்லாருக்கும் கொடுத்தால் பணம் அதிகம், அலைச்சல் இல்லை. சிலருக்கு மட்டும் என்றால் பணம் மிச்சம், ஆனால் தகுதியுள்ள சிலர் காகிதம் இல்லாமல் விடுபடுவார்கள். பெண்களின் டவுன் பஸ்ஸில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. அந்தத் திட்டம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பதில் எல்லாப் படிப்புக்கும் பொருந்தாது. மருத்துவத்தில் இடமே கொஞ்சம். அங்கே அரசுக் கல்லூரி இடத்தைக் கூட்டுவதும், அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைச் சரிசெய்வதும்தான் முதல் வேலை. பொறியியலில் நிலைமை தலைகீழ். சுயநிதிக் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் இடம் காலியாகக் கிடக்கிறது. நல்ல கல்லூரியில் மட்டும்தான் போட்டி. அங்கே எல்லாத் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசு கட்டுவது என்று முடிவெடுத்தால், மாணவர் இல்லாமல் தானாக மூடவேண்டிய சுமாரான கல்லூரிகளுக்கு அரசுப் பணத்தில் உயிர் வந்துவிடும். 7.5 சதவீதம்போல அளவாக, கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைக்குள் கட்டுவது வேறு விஷயம்.

கலை, அறிவியல் படிப்பில்தான் பெருங்கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். அங்கே அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஏற்கெனவே இல்லை. பி.காம். இடத்துக்கு மட்டும் அடிதடி. இடம் கிடைக்காதவர் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்கிறார், பெரும்பாலும் அவர்தான் ஏழை.

எனவே கையில் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை நான் முதலில் போடுவது அரசுக் கலைக் கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களில். புதிய கல்லூரிகளை அறிவிக்கிறார்கள், ஷிப்ட் கூட்டுகிறார்கள், ஆனால் நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலி. அந்த வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் எடுக்கிறார்கள். முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு மாதம் 25,000 ரூபாய்க்கு, அதுவும் கோடை விடுமுறை மாதத்தில் சம்பளம் உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டு. இலவசக் கல்லூரியின் செலவை யாராவது ஒருவர் தாங்கியாக வேண்டும் என்று மேலே சொன்னேன். இப்போதைக்கு அதில் ஒரு பங்கை இவர்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.